அப்பாவின் மூன்று போத்தல்கள்

வெள்ளவத்தை
ஞாயிறு காலை

அன்பு மகனுக்கு,

"திறந்துபோடாதேங்கோ அம்மா, நாற்பது வருஷத்து விஸ்கிப் போத்தல், லட்சக்கணக்கில் போகும்" என்று நேற்றுப் போனில் சொன்னாய். எனக்கு நித்திரையே வரவில்லை. விடிந்ததும் அப்பாவின் அலுமாரியிலிருந்த மூன்றையும் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு, ஹோட்டல் பாரில் வேலை செய்த கீழ்வீட்டு அண்ணையைக் கூப்பிட்டேன்.

முதலில் உன் கணக்கைத் திருத்த வேண்டும். விஸ்கி மரப்பீப்பாயில் கிடக்கும் வரைதான் முதிருமாம். போத்தலுக்குள் வந்தால் வயது அதோடு நின்றுவிடும். முதல் போத்தலான பிளாக் லேபல் விஸ்கியில் 12 என்று போட்டிருப்பது பீப்பாய்க் கணக்கு. அலுமாரிக்குள் கிடந்த நாற்பதையும் கூட்டி 52 ஆக்க முடியாது. சின்ன வயதிலும் நீ கணக்கில் இப்படித்தான்.

அந்த பிளாக் லேபல் மாமா 1986இல் லண்டனிலிருந்து கொண்டுவந்தது. லேபலில் 75 சென்ரிலீற்றர் என்றிருக்கிறது. அங்கே 70 ஆக்கியது அதற்குப் பிறகுதானாம், ஆகவே மாமா சொன்ன கதை சரி. திருகுமூடி, சீல் உடையவில்லை. டோர்ச் அடித்துப் பார்த்தோம்: கலங்கல் இல்லை, மட்டம் கழுத்திலேயே நிற்கிறது. தாராளமாகக் குடிக்கலாம் என்றார் அண்ணை. விலைதான் நீ நினைப்பது போல இல்லை. உலகம் முழுக்க விற்ற சரக்கு, இன்றும் வருகிறது. 1983இல் மூடி 2024இல்தான் திரும்பத் திறந்த போர்ட் எலன் போன்ற ஸ்கொட்லாந்து வடிசாலையின் பழைய போத்தல் என்றால் ஏலக்காரர் தேடி வருவார்கள். இங்கே லைசன்ஸ் இல்லாமல் நான் விற்கவும் முடியாது.

இரண்டாவது, தக்கை போட்ட சிங்கிள் மோல்ட், அதாவது ஒரே வடிசாலையில் செய்த விஸ்கி. உன் அப்பா அதை வைன் போலப் படுக்கவைத்து, மேலே சேட்டுகளை அடுக்கியிருந்தார். விஸ்கியின் மதுசாரம் தக்கையை அரித்துவிடுமாம், நிமிர்த்தித்தான் வைக்க வேண்டுமாம். அந்தச் சுவர் பின்னேர வெயிலில் கொதிப்பது உனக்குத் தெரியும். மட்டம் தோளுக்குக் கீழே மூன்று விரல் இறங்கி, லேபலில் பழுப்புக் கறை. "நஞ்சாகாது அக்கா, சப்பென்று இருக்கும்" என்றார். பழைய போத்தல் சேர்ப்பவர்கள் திரும்பியும் பார்க்க மாட்டார்களாம்.

மூன்றாவது பீங்கான் குடுவை. உள்ளே எவ்வளவு என்று பார்க்க வழியில்லை. பழைய பீங்கான் பூச்சில் ஈயம் இருந்தால் வருஷக்கணக்கில் விஸ்கிக்குள் இறங்குமாம். அதை ஒருவரும் வாயில் வைக்கக்கூடாது. குடுவை வடிவாக இருக்கிறது, ஷோகேசில் வைக்கப்போகிறேன்.

பிளாக் லேபலை இருட்டான கீழ்த்தட்டில் நிமிர்த்தி வைத்திருக்கிறேன். அப்பாவின் ஆட்டத்திவசம் முடிந்த அடுத்த நாள் நீயும் மாமாவும் திறவுங்கோ. சிங்கிள் மோல்ட்டையும் பார்க்க ஆசையென்றால் பார். தக்கை உடைந்து உள்ளே விழும், வடிக்க வேண்டிவரும். அதற்கு மெல்லிய துணி ஒன்று எடுத்து வைக்கிறேன். என் தேத்தண்ணி வடியில் கை வைக்காதே.

அம்மா