சேத்தியின் பேழையை அவரிடமே அனுப்புங்கள்

லண்டன் சர் ஜான் சோன் அருங்காட்சியக அறங்காவலர்களுக்கு,

வணக்கம். உங்கள் நிலவறையில் இருக்கும் ஈமப்பேழையைப் பற்றி எழுதுகிறேன்.

எகிப்திய மன்னர் முதலாம் சேத்திக்காக ஒற்றை அலபாஸ்டர் கல்லில் குடைந்த பேழை அது. உள்ளே ஒரு விளக்கை வைத்தால் வெளியே ஒளி கசியும். 1817இல் அரசர்களின் பள்ளத்தாக்கில் இத்தாலிய ஆய்வுப் பயணி பெல்சோனி அதைக் கண்டபோது உள்ளே உடல் இல்லை, மூடியும் உடைந்திருந்தது. 2000 பவுண்டு கொடுக்க பிரிட்டிஷ் அருங்காட்சியகம் மறுத்துவிட, 1824இல் உங்கள் அருங்காட்சியகத்தை நிறுவிய கட்டடக் கலைஞர் சோன் அந்த விலைக்கே வாங்கினார். இதைத் திருட்டு என்று நான் சொல்லவில்லை. கட்டணம் வாங்காமல் எல்லோருக்கும் காட்டுகிறீர்கள்; அதற்கு நன்றியும் உண்டு.

ஆனால் பேழையின் உள்தரையைப் பாருங்கள். அங்கே வான்தேவி நூத்தின் முழு உருவம் இருக்கிறது. இறந்த மன்னரைத் தாய் மடியில் பிள்ளையைப் போல அவள்மேல் கிடத்த வேண்டும். சுவர்களில் செதுக்கியிருக்கும் ‘வாயில்களின் நூல்’, இரவின் 12 பகுதிகளையும் கதிரவன் கடந்து விடியலில் எழும் வழியைச் சொல்கிறது. உள்ளே படுத்திருப்பவர் துணைக்கு எழுதியது அது.

அந்த உடல் அழிந்துபோயிருந்தால் இந்த மடலை எழுதியிருக்க மாட்டேன். கொள்ளையர் கையில் தலை துண்டான பிறகும், பண்டைய பூசாரிகள் அதற்கு மறுபடி துணி சுற்றி, டெய்ர் எல்-பஹ்ரி மலையில் மற்ற மன்னர்களோடு ஒளித்து வைத்தார்கள். எத்தனை பரிவு இருந்தால் அதைச் செய்திருப்பார்கள்! 1881இல் அது வெளியே வந்தது. 2021 ஏப்ரல் 3 அன்று கெய்ரோ தெருக்களில் 22 அரச உடல்கள் ஊர்வலமாகப் போனபோது சேத்தியும் போனார். இன்று அவர் எகிப்திய நாகரிகத்தின் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறார்.

1833ஆம் ஆண்டுச் சட்டம் கையைக் கட்டிப்போட்டிருக்கிறது என்பீர்கள். முடிந்தவரை சோன் வைத்தது வைத்தபடி இருக்க வேண்டும் என்றது அது. ஒரு மனிதர் தன் வீடு எப்படி இருக்க வேண்டும் என்று விரும்பினாரோ அப்படியே காத்துவருகிறீர்கள், பெரிய பணி. அதே மரியாதையைத்தான் சேத்திக்கும் கேட்கிறேன். அவருடைய விருப்பம் 3000 ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் பதிந்தது. நாடாளுமன்றம் போட்ட சட்டத்தை நாடாளுமன்றமே திருத்தலாம். திருத்தச் சொல்லிக் கேட்க வேண்டியவர்கள் நீங்கள்.

கல் பழையது, பயணம் ஆபத்து என்ற அச்சம் எனக்கும் உண்டு. எழுத்துகளில் நிரப்பியிருந்த நீலம் லண்டன் காற்றில் எப்படி மங்கியது என்பதையும் நீங்கள் அறிவீர்கள். ஆகவே முதல் வேலையாக எகிப்திய வல்லுநர்களை அழையுங்கள். பேழை பயணத்தைத் தாங்குமா என்று சேர்ந்து ஆராயுங்கள். மூடியின் துண்டுகளையும் அவர்களுக்குக் காட்டுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தமிழ் வாசகர்