‘இல்லை’ என்று எழுதிவிட்டார்கள், சாலா

கோட்டையூர்,
கார்த்திகை 10

அன்புள்ள சாலா,

ஆவணியில், வீட்டு வேலை எக்சர்சைஸா இல்லையா என்ற பேச்சில் நான் போனைப் பட்டென்று வைத்ததற்கு நீ மூன்று மாதம் பேசாமல் இருந்தது நியாயம்தான். நானாவது கூப்பிட்டிருக்க வேண்டும். தினமும் நினைப்பேன், சாயங்காலம் ஆனதும் நாளைக்கு என்று தள்ளிவிடுவேன். மறுபடி போனில் பேசினால் இரண்டு பேரும் குரலை உயர்த்துவோம். அதனால்தான் எழுதுகிறேன்.

இங்கே எல்லாரும் சுகம். அத்தைக்கு எண்பத்து மூன்று முடிந்துவிட்டது, கண் மங்கல்தான், காது கூர்மை. சின்னவன் சிங்கப்பூரில் வேலை மாறியிருக்கிறான். டில்லி ஆச்சி இன்னும் வீட்டை விற்கவில்லை, அவர்களா விற்பார்கள்! சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

அன்றைக்கு உன்னிடம் நான் கதையைப் பாதிதான் சொன்னேன். காரைக்குடிக்கு உடம்பைப் பார்க்கப் போயிருந்தேன். டாக்டரைப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு சின்னப் பெண் படிவம் வைத்துக்கொண்டு கேட்டாள். தூக்கம், சாப்பாடு எல்லாம் கேட்டுவிட்டு, “எக்சர்சைஸ் உண்டா ஆச்சி?” என்றாள். வீட்டு வேலை முழுக்க நானே செய்கிறேன் என்றேன். “அது இல்லை ஆச்சி, வாக்கிங், யோகா அந்த மாதிரி.” அந்த மாதிரி ஒன்றும் இல்லை என்றேன். அந்தக் கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதினாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c) 6.2 இருக்கிறது, இப்படியே உட்கார்ந்திருந்தால் கூடிவிடும் என்றார்.

உட்கார்ந்திருந்தால்! அன்று காலையில் நான் முகப்பு, பட்டாசாலை, நடுமுற்ற வளவு, இரண்டாம் கட்டு எல்லாம் பெருக்கித் துடைத்து, அத்தையைக் குளிப்பாட்டி, சமைத்து வைத்துவிட்டு ஒன்பதே கால் பஸ்ஸுக்கு ஓடியிருக்கிறேன். நாற்பது வருஷ உழைப்புக்கு ஒரு கட்டத்தில் ‘இல்லை’. அந்தக் காகிதத்தோடு வீட்டுக்கு வந்து உன்னைக் கூப்பிட்டால், நீயும் “அவர் சொன்னது சரிதானே உமை, வேலை வேறே, எக்சர்சைஸ் வேறே” என்கிறாய். பின்னாடி உன் டிரெட்மில் ஓடுகிற சத்தம் கேட்கிறது. அதுதான் வைத்துவிட்டேன்.

வீட்டு வேலைக்கு வருகிற பாக்கியம் பங்குனியிலிருந்து வருவதில்லை என்று சொன்னேனா? முழங்கால். அவளைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன். அவள் நின்றதிலிருந்து இந்த வீடு என் கையில். நீ இந்த வீட்டை நிறைய வீடாகவே பார்த்தவள். இப்போது மூன்று பேர்தான், மற்றப் புள்ளிக் குடும்பங்களின் அறையெல்லாம் பூட்டிக் கிடக்கிறது. பூட்டிக் கிடந்தாலும் வாரம் ஒரு நாள் திறந்து ஒட்டடை அடிக்காவிட்டால் கரையான் வந்துவிடும். ஆத்தங்குடித் தரைக் கல் தினமும் ஈரத்துணி கேட்கும், இடையிடையே தேங்காயெண்ணெய் தொட்ட துணியால் துடைத்தால்தான் அந்த மினுமினுப்பு நிற்கும். மாப்புக் குச்சியில் எனக்குத் திருப்தி வருவதில்லை. குந்தி உட்கார்ந்து தூணுக்குத் தூண் நகர்ந்து நகர்ந்துதான் துடைக்கிறேன்.

தீபாவளிக்கு இவர் தம்பி மகள் வந்திருந்தாள், பிசியோதெரபி படிக்கிறாளே, அவள்தான். நான் அந்தக் காகிதத்தைக் காட்டிப் பொருமினேன். அவள் சிரிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொன்னாள். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்ன கணக்குப்படி பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷம் மிதமான உழைப்பு வேண்டும். அந்த உழைப்பில் வீட்டு வேலையும் சேர்த்திதான். முன்பெல்லாம் ஒரே மூச்சில் பத்து நிமிஷமாவது செய்தால்தான் கணக்கில் வரும் என்றிருந்ததாம், இப்போது அந்த விதியையும் எடுத்துவிட்டார்களாம். 2017-இல் ஒரு பெரிய ஆய்வு வந்திருக்கிறது. 17 நாடுகளில் 1,30,000 பேர், நம் நாடும் அதில் உண்டு. நடப்பதோ, ஜிம்மோ, வேலைத்தலமோ, வீட்டு வேலையோ, எந்த வழியில் உடம்பு அசைந்தாலும் அசைந்தவர்களுக்கு மாரடைப்பும் சாவும் குறைவாக இருந்ததாம். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது சாலா. உடனே உனக்குப் போன் போட்டு ‘பார்த்தாயா’ என்று கேட்க வேண்டும் என்றிருந்தது. போடாதது நல்லதாகப் போயிற்று, ஏனென்றால் அந்தப் பெண் அதோடு விடவில்லை.

“பெரியம்மா, வேலை எல்லாம் ஒரே எடை இல்லை” என்றாள். சும்மா உட்கார்ந்திருப்பதை ஒன்று என்று வைத்துக்கொண்டால், மூன்று மடங்கைத் தொட்டால்தான் மிதமான உழைப்பாம். சமையலும் பாத்திரம் கழுவுவதும் இரண்டு, இரண்டரையில் நின்றுவிடும். வேகமாகப் பெருக்கினால், அழுத்தித் துடைத்தால் மூன்றைத் தாண்டும். இதைக் கண்டுபிடிக்க மெஷின் வேண்டாம், வேலை செய்துகொண்டே பாடிப் பார்த்தால் போதும் என்றாள். பாட்டு முழுசாக வந்தால் லேசான வேலை. பேச்சு வந்து பாட்டு வராவிட்டால் மிதம். பேச்சே திக்கினால் கடினம்.

மறுநாள் காலையில் பார்த்துவிட்டேன். (நீ இதைச் செய்ய வேண்டாம். கல்லூரி ஆண்டு விழாவில் நீ பாடியபோது பள்ளத்தூரே பட்ட பாடு போதும்.) புளி போட்டு வெண்கலம் விளக்கினேன், இரண்டு பாட்டு சுருதி விலகாமல் வந்தது. சமையல்கட்டில் அதைவிடச் சுகமாக வந்தது. பெருக்கும்போது மெதுவாகப் போனால் பாட்டு, வேகமாகப் போனால் பாதி வரியில் மூச்சு. வளவைக் குந்தித் துடைக்கும்போது அத்தை கேட்டதற்குப் பதில் சொல்ல முடிந்தது, பாட முடியவில்லை. தண்ணீர்க் குடத்தை மாடிக்குத் தூக்கிப் போனபோது பதிலும் இல்லை. சாந்தரம் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். காலையில் நான்கு மணி நேரம் நிற்காமல் வேலை செய்கிறேன் என்று உன்னிடம் மார்தட்டினேனே, அதில் கணக்கில் வருவது முப்பத்தைந்து, நாற்பது நிமிஷம். அது குறைச்சல் இல்லை. ஏழு நாளுக்கு 245 முதல் 280 நிமிஷம் வந்துவிடுகிறது. ஆனால் நான் நினைத்திருந்த நான்கு மணி நேரம் அது இல்லை.

உன் பக்கத்துக்கும் ஒரு ஆய்வு இருக்கிறதாம், அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். வட அயர்லாந்தில், 2013-இல். தங்கள் உழைப்பில் பெரும்பங்கு வீட்டு வேலைதான் என்று சொன்னவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதல் எடையோடு இருந்தார்களாம். செய்ததைக் கூட்டிச் சொல்வதும் காரணமாக இருக்கலாம் என்றாள். நான்கு மணி நேரம் என்று உன்னிடம் சொன்னவள் நான்தானே, நம்புகிறேன்.

அப்புறம் ஐப்பசிக் கிருத்திகையன்று நடந்ததைச் சொல்கிறேன். அன்றுதான் பேரன் நேர்த்திக்காகக் குன்றக்குடி போனோம். அந்த மலை என்ன பெரிய மலை? நீயும் நானும் தாவணியில் ஒரே ஓட்டமாக ஏறி இறங்கிய படிகள்தானே. பாதியில் எனக்கு மூச்சு இரைத்தது. உட்கார்ந்தேன். எழுந்து பத்துப் படி ஏறி மறுபடி உட்கார்ந்தேன். அத்தை அறுபத்தைந்து வயசில் அர்ச்சனைத் தட்டோடு இதே படியில் எனக்கு முன்னால் ஏறிப் போனது கண் முன்னால் வந்தது. அன்றைக்கு எனக்குப் பயம் வந்தது சாலா. தினமும் இவ்வளவு செய்கிற உடம்பு இந்தப் படிக்கு ஏன் திணறுகிறது?

அந்தப் பெண்ணிடம் கேட்டேன். ஒரே வேலைக்கு உடம்பு பழகிவிட்டால் அதற்கு மேல் அது வளராது என்றாள். நான் குந்துவேன், குனிவேன், வலது கையால் இழுப்பேன். ஏறுவதும் தள்ளுவதும் என் நாளில் அபூர்வம். வாரத்துக்கு இரண்டு நாளாவது தசைக்கென்று தனியாகச் செய்ய வேண்டும் என்பதும் அதே நிறுவனத்தின் சொல்தானாம். அத்தை காலத்தில் ஆட்டுக்கல், அம்மி, உலக்கை, ஊரணித் தண்ணீர் எல்லாம் இருந்தது. இப்போது கிரைண்டர் அரைக்கிறது, மோட்டார் தண்ணீர் ஏற்றுகிறது. அவையெல்லாம் வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன், பர்மா ஆயாவின் தோள்பட்டை வலி உனக்கும் ஞாபகம் இருக்கும். ஆனால் கடினமான வேலையை மெஷின் எடுத்துக்கொண்டது, நேரம் தின்கிற வேலை மட்டும் நம்மிடம் நின்றுவிட்டது. ‘அந்தக் காலத்தில் வீட்டு வேலையே எக்சர்சைஸ்’ என்று கல்யாண வீட்டில் யாராவது சொல்லும்போது இதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை.

பாக்கியத்தைப் பார்க்க வெள்ளிக்கிழமை போயிருந்தேன். ஐம்பத்திரண்டு வயசுதான் ஆகிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். இருபது வருஷமாக நான்கு வீடு, நான்கு வளவு, எல்லாம் குந்தித் துடைத்தது. பாட்டுக் கணக்கு போட்டால் அவள் வாரத்துக்கு ஆயிரம் நிமிஷத்தைத் தாண்டியிருப்பாள். அதை உடற்பயிற்சி என்று அவள் முகத்துக்கு நேரே என்னால் சொல்ல முடியுமா? எனக்கு வலித்தால் நான் பாதியில் நிறுத்திக்கொள்ளலாம், நாளைக்குத் துடைக்கலாம். அவள் நிறுத்தினால் சம்பளம் போகும். வலித்தபோது நிறுத்தவும் ஆறவும் அவளுக்கு இடம் இருந்ததே இல்லை. என் வீட்டிலும் இல்லை. நம் சண்டையில் உன் பேச்சிலும் என் பேச்சிலும் அவள் வரவே இல்லையே, அது மூன்று நாளாக உறுத்துகிறது. காரைக்குடியில் அவளுக்கு எக்ஸ்ரே எடுக்க ஏற்பாடு செய்திருக்கிறேன், செலவு என்னுடையது.

இன்னொன்றும் உனக்குத் தெரிய வேண்டும். பெரியவன் போனில், அம்மாவுக்குத் தரை துடைக்கிற மெஷின் வாங்கி அனுப்புகிறேன் என்றான். இவர் பக்கத்திலிருந்து, “அவளுக்கு அதுதானே எக்சர்சைஸ், செய்யட்டும் விடு” என்றார். எனக்குச் சுரீரென்றது. டாக்டரிடம் ‘இல்லை’யாக இருந்தது, துடைப்பது யார் என்ற பேச்சு வந்ததும் எக்சர்சைஸ் ஆகிவிடுகிறது! கோபப்படாமல் கேட்டேன்: எனக்குச் சர்க்கரை 6.2, உங்களுக்கு 7.4, அப்படியானால் யாருக்கு எக்சர்சைஸ் கூடுதலாக வேண்டும்? இவர் ஒன்றும் சொல்லவில்லை. 2024-இல் மத்திய அரசு எடுத்த நேரக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிற பெண்கள் ஒரு நாளைக்கு 289 நிமிஷம் செய்கிறார்கள், ஆண்கள் 88 நிமிஷம். அந்த வேலையைச் செய்கிற ஆண்களே நூற்றுக்கு 27 பேர்தான். அதையும் அந்தப் பெண்தான் பெரியப்பாவுக்கு வாசித்துக் காட்டினாள். கார்த்திகை பிறந்ததிலிருந்து முகப்பும் திண்ணையும் இவர் பொறுப்பு. மூலையில் குப்பை நிற்கத்தான் செய்கிறது. நான் திரும்பப் போய்ப் பெருக்குவதில்லை, அதில் உறுதியாக இருக்கிறேன்.

எனக்கு இப்போது என்ன ஏற்பாடு தெரியுமா? மத்தியானம் சாப்பிட்டதும் படுக்கிற வழக்கத்தை விட்டேன். பாத்திரம், அடுப்படி எல்லாம் அப்போதுதான். சாப்பிட்ட கையோடு உடம்பு அசைந்தால் சர்க்கரை ஏறுவது குறையும், லேசான வேலையும் அங்கே உதவும் என்றாள். இடது கையாலும் துடைக்கப் பழகுகிறேன். நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்கார்வது காலையில் பத்து, மாலையில் பத்து. அப்புறம் காலை ஐந்தரைக்கு ஊரணிக் கரையில் நான்கு சுற்று, தனியாக. அந்த அரை மணி யாருக்கும் காபி இல்லை, எனக்கு அடுப்பு இல்லை. முதல் வாரம் அது ஏதோ திருட்டுத்தனம் போல இருந்தது. இப்போது அந்த நேரத்துக்காகவே சீக்கிரம் எழுந்துவிடுகிறேன். வீட்டு வேலையில் எனக்கு ஒருநாளும் கிடைக்காதது அது. நீ ‘வேறே’ என்று சொன்னது இதைத்தான் என்றால், சரி, ஒத்துக்கொள்கிறேன். அதற்காக அந்தக் கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதியதை ஒத்துக்கொள்ள மாட்டேன்.

மார்கழி முதல் வாரம் மறுபடி ரத்தம் எடுக்கப் போகிறேன். அந்த ஆஸ்பத்திரிப் பெண் படிவத்தை எடுத்தால், தரை துடைப்பது தினம் நாற்பது நிமிஷம், நடை அரை மணி என்று எழுதச் சொல்வேன். கட்டம் சின்னதாக இருந்தால் ஓரத்தில் எழுதட்டும்.

பிள்ளையார் நோன்புக்கு வந்துவிடு. நீ இழை எடுத்து எத்தனை வருஷம் ஆகிறது! அத்தை உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அண்ணனையும் கூட்டி வா. வரும்போது எனக்கு நடக்கிற ஷூ ஒன்று வாங்கி வா, ஐந்தாம் நம்பர், உன் அளவுதான். ரோஸ் கலர் வேண்டாம். இரண்டு பேருமாகக் குன்றக்குடி ஏறுவோம்.

உன்,
உமையாள்