நின்று பார்த்தால் தெரியும், ஓடும்போது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் வீடியோ கேம் கட்டுரையில், 'ரே ட்ரேசிங்' (ஒளிக்கதிர் எங்கே பட்டு எங்கே திரும்புகிறது என்று கணக்குப் போட்டு வெளிச்சத்தையும் பிரதிபலிப்பையும் காட்டும் முறை) போட்ட படத்தையும் போடாத படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்டு, வித்தியாசத்தை நீங்களே பாருங்கள் என்று எழுதியிருந்தீர்கள். பார்த்தேன், தெரிந்தது. இரண்டும் அசையாமல் நிற்கின்றனவே, தெரியாமல் என்ன!

நான் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுக்கு மெருகு போடுகிறவன். கொலுசை விளக்கடியில் லேசாகச் சாய்த்து, டியூப்லைட் அதன்மேல் எப்படி வழுக்கி ஓடுகிறது என்று பார்த்தே மெருகு ஏறிவிட்டதா இல்லையா என்று சொல்லிவிடுவேன். இருபது வருடப் பழக்கம். பட்டறை பூட்டிய பிறகு ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் கேம்தான். வெளிச்சத்தைப் பார்த்தே பிழைக்கிற இந்தக் கண்ணுக்கே, விளையாடும்போது அந்த வித்தியாசம் உறைப்பதில்லை.

சந்தேகம் தீர அக்கா மகனை உட்கார வைத்துப் பார்த்தேன். ஸ்பைடர்மேன் ரீமாஸ்டர்ட். ஊர் முழுக்கக் கண்ணாடிக் கட்டடம், பிரதிபலிப்புக்கு அதைவிட நல்ல கேம் கிடைக்காது. அவனை வெளியே அனுப்பிவிட்டு ரே ட்ரேசிங்கைப் போட்டோ அணைத்தோ வைப்பேன், அவன் வந்து கால் மணி நேரம் ஆடிவிட்டு எது என்று சொல்ல வேண்டும். முதல் இரண்டு முறையும் தப்பாகச் சொன்னான். மூன்றாம் முறை உட்கார்ந்த உடனேயே, "ஆன் பண்ணிட்டீங்க மாமா" என்றான். எப்படிடா என்றால், "ஃபேன் கத்துதுல்ல!" ஏப்ரல் மாதச் சேலத்தில், கேம் படங்களை உருவாக்கும் கிராபிக்ஸ் கார்டு படும் பாட்டைக் காதால் கண்டுபிடித்திருக்கிறான்.

தொழில்நுட்பத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. 1980-இல் டர்னர் விட்டட் என்ற கம்ப்யூட்டர் ஆராய்ச்சியாளர் இந்த முறையை விளக்கிக் கட்டுரை எழுதியபோது, கண்ணாடி உருண்டை இருக்கிற ஒரே ஒரு படத்தைக் கணக்குப் போட அன்றைய கம்ப்யூட்டருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. இன்றைக்கு நொடிக்கு 60 படம் வேண்டும் என்றால் ஒரு படத்துக்குக் கிடைப்பது 16.7 மில்லி விநாடி. 2018-இல் கிராபிக்ஸ் கார்டு செய்யும் என்விடியா கம்பெனி தன் ஆர்டிஎக்ஸ் கார்டுகளை இறக்கியபோது இந்தக் கணக்குக்கென்றே தனிப் பகுதி வைத்தார்கள். அப்படியும் முழுக்கக் கட்டுப்படியாகாமல், கொஞ்சம் கதிர்களை மட்டும் அனுப்பி, அதனால் படத்தில் விழும் புள்ளிகளைத் துடைத்து, சின்னப் படத்தைப் பெரிதாக்கிக் காட்டுகிறார்கள். பிரமாதமான வேலைதான். ஆனால் என் கார்டில் அதைப் போட்டால் நொடிக்கு 60 படம் என்பது 35-க்கு இறங்குகிறது. அந்த இறக்கம் மட்டும் எவனுக்கும் தெரிகிறது.

கண்ணில் படுகிற இடமும் உண்டு. பழைய முறையில் திரையில் இருப்பதைத்தான் தண்ணீரில் திருப்பிக் காட்ட முடியும். சைபர்பங்க் 2077 கேமில் மழைத்தெருவில் நின்று குனிந்து பார்த்தால், மேலே இருக்கும் நியான் பலகை திரையை விட்டுப் போன அடுத்த நொடியே குட்டையில் இருந்த அதன் பிம்பமும் கரைந்துவிடும். ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு அதுவே உறுத்தும். ரே ட்ரேசிங் இந்த உறுத்தலை எடுத்துவிடுகிறது.

இன்னொன்று, ஏற்காடு மலைப்பாதை தெரிந்தவர்களுக்குச் சொன்னால் புரியும். ராத்திரியில் அந்த இருபது கொண்டை ஊசி வளைவில் வண்டி ஏறும்போது, எதிரே இறங்கும் பஸ் கண்ணுக்குத் தெரியும் முன்பே அதன் வெளிச்சம் பாறையில் வந்து விழும். நாம் ஓரம் கட்டிவிடுவோம். அங்கே வெளிச்சம் அழகுக்காக இல்லை, சேதி சொல்கிறது. கேமிலும் மூலைக்கு அந்தப் பக்கம் நிற்கிறவனின் டார்ச் சுவரில் தெரிந்தால் நான் கட்டாயம் கவனிப்பேன். வேடிக்கை என்னவென்றால், அப்படிப் பதுங்கிச் சுடுகிற ஆன்லைன் போட்டிகளில் ஆடுகிற பையன்கள் எல்லா செட்டிங்கையும் கீழே இறக்கி வைத்துத்தான் ஆடுகிறார்கள். அவர்களுக்கு வேண்டியது பிரேம், அதாவது நொடிக்கு எத்தனை படம் வருகிறது என்பதுதான்.

பிறகு ஏன் கம்பெனிகள் விடாமல் இதைத் தள்ளுகின்றன? உங்கள் கட்டுரை தொடாத இடம் இதுதான். 1996-இல் வந்த குவேக் கேமின் காலம் முதல், வெளிச்சத்தை முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சுவரில் பூசிவைப்பது வழக்கம். ஒரு ஜன்னலை நகர்த்தினாலும் கணக்கை மறுபடி ஓட்டிக் காத்திருக்க வேண்டும். ரே ட்ரேசிங் வந்தால் அந்தக் காத்திருப்பு இல்லை, விளக்கை வைத்தால் அங்கேயே விழுகிறது. மிச்சமாவது அவர்களுடைய நேரம், அந்தக் கணக்கைப் போடும் கார்டு வாங்குவது நம் காசு. 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் கேமும், 2025 மே மாதம் வந்த டூம்: த டார்க் ஏஜஸும் ரே ட்ரேசிங் வசதியுள்ள கார்டு இல்லாமல் ஓடவே ஓடாது. தெரிகிறதா தெரியவில்லையா என்று நாம் பேசிக்கொண்டிருக்கும்போதே 'ஆஃப்' பட்டனை எடுத்துவிட்டார்கள். வேகம் குறைந்த கார்டு வைத்திருக்கும் என் போன்றவர்களுக்கு இதுதான் வயிற்றெரிச்சல்.

ஆகவே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை கேம் மதிப்புரை போடும்போது அசையாத படங்களோடு இரண்டு வரி சேர்த்துப் போடுங்கள்: நடுத்தர விலைக் கார்டில் ரே ட்ரேசிங் போட்டால் எத்தனை பிரேம் வருகிறது, அதை அணைக்க வழி இருக்கிறதா.

இப்படிக்கு,
மெருகுப் பட்டறை வாசகர்,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்.