கோடைக் காவலர்கள் வீண்செலவா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு காட்டுத்தீ பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். செயற்கைக்கோள் எச்சரிக்கை கைப்பேசிக்கே வந்துவிடும் இந்தக் காலத்தில், கோடைதோறும் தற்காலிக ஆட்களைக் காட்டுக்குள் அனுப்புவது வீண்செலவு என்ற கருத்தில் அதில் ஒரு வரி. கட்டுரையாளர் போகிற போக்கில் எழுதியிருக்கலாம். நீலகிரிச் சரிவில் பல கோடைகள் அந்தத் தற்காலிக ஆளாக இருந்தவன் நான். என்னால் அந்த வரியைத் தாண்டிப் போக முடியவில்லை.

செயற்கைக்கோளை நான் குறை சொல்லவில்லை. டேராடூனில் இருக்கும் இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் எச்சரிக்கையைக் கேட்டு நாங்களும் ஓடியிருக்கிறோம். ஆனால் அதில் தெரியும் ஒரு புள்ளி, தரையில் பக்கத்துக்கு 375 மீட்டர் உள்ள சதுரம். கிட்டத்தட்ட 35 ஏக்கர். அந்த 35 ஏக்கரில் எந்தப் பள்ளத்தில் எரிகிறது, காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று போய்ப் பார்த்தவன்தான் சொல்ல வேண்டும். அதுவும் எரிய ஆரம்பித்த பிறகுதான் செய்தியே வரும். எங்கே எரியப்போகிறது என்பது ஜனவரியிலேயே நடந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஆராய்ச்சி செய்பவர்களோடு போகும்போது, நான்கு குச்சி நட்டுக் கயிறு கட்டி, அந்தச் சதுரத்துக்குள் இருக்கும் புல்லை அடியோடு அறுத்து, சருகைப் பொறுக்கி, பையில் போட்டு அங்கேயே எடை பார்ப்போம். பிறகு நன்றாக உலர்த்தி மறுபடியும் எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஈரம். பிப்ரவரி தொடக்கத்தில் கையில் கசக்கினால் வளைந்துகொடுக்கும் புல், மார்ச்சில் பொடியாக உதிரும். மழை நன்றாகப் பெய்த வருஷத்துக்கு அடுத்த கோடையில்தான் எங்களுக்குப் பயம் அதிகம். புல் ஆளுயரத்துக்கு நின்று காய்ந்திருக்கும். மேல்மலையில் உறைபனியே புல்லைக் கருக்கிவிடும். பூத்துச் செத்த மூங்கில் எங்கே சாய்ந்து கிடக்கிறது, உண்ணிச்செடி எந்த மரத்தில் எந்தக் கிளைவரை ஏறியிருக்கிறது என்றும் குறித்துக்கொடுப்போம். தரையோடு ஓடும் தீ அந்த உண்ணிச்செடியைப் பிடித்துத்தான் மரத்தின் உச்சிக்கு ஏறும். மேலிருந்து பார்த்தால் அந்த இடமெல்லாம் நல்ல காடு போலத் தெரியும்.

முதுமலையில் இந்திய அறிவியல் கழகத்தார் 1988-இல் 50 ஹெக்டேரில் அமைத்த ஆய்வுத்திடல் உங்களுக்குத் தெரியாததல்ல. ஒரு சென்டிமீட்டர் பருமன் உள்ள தண்டுக்குக்கூட அங்கே எண் உண்டு. தீ போன பிறகு எந்தக் கன்று செத்தது, எது வேரிலிருந்து மறுபடி துளிர்த்தது என்று சாம்பலில் குனிந்து பார்த்துத்தான் எழுத முடியும். எந்தக் கருவியும் இன்னும் அந்த வேலையைச் செய்யவில்லை.

எழுத உட்கார்ந்ததால் மற்றதையும் சொல்லிவிடுகிறேன். கோடை வந்தால் உங்கள் பத்திரிகையில் ‘மர்ம நபர்கள் தீ வைத்தனர்’ என்று வருகிறது. விசாரித்தால் முதலில் கேள்வி கேட்கப்படுவது பக்கத்துப் பழங்குடி ஊரில்தான். கோடை முற்றும் முன்பே சருகை லேசாக எரித்துவிடும் வழக்கம் கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில் வாழும் சோலிகர் பழங்குடியினருக்கு இருந்தது. அது நின்றபிறகுதான் உண்ணிச்செடி இப்படி மண்டியது என்று அவர்கள் சொல்லிவருகிறார்கள். அவர்களிடம் கேட்டு ஒரு கட்டுரை வந்து நான் பார்க்கவில்லை.

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டக் குரங்கணியில் தீ. மலையேறப் போனவர்கள் அதில் சிக்கி 23 உயிர்கள் போயின. மலையேற யார் அனுமதி கொடுத்தது என்று வாரக்கணக்கில் எழுதினீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் சரிவில் தீ ஏன் மேல்நோக்கி அவ்வளவு வேகமாகப் பாய்கிறது, காய்ந்த புல்லுக்கு நடுவே மாட்டிக்கொண்டால் ஏன் மேட்டைப் பார்த்து ஓடக்கூடாது என்று ஒரு பத்தியாவது எழுதியிருந்தால் மலைக்குப் போகிற பிள்ளைகளுக்குப் பயன்பட்டிருக்கும். அப்போதே இதைக் கடிதமாக அனுப்பினேன். வரவில்லை. இடமில்லாமல் போயிருக்கும் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

அப்புறம் செலவு. நான் வேலை பார்த்த இடத்தில் கூலி மாதாமாதம் வந்ததில்லை. சீசன் முடிந்தபிறகுகூட நிலுவைக்கு அலைந்திருக்கிறோம். பச்சைத் தழையை ஒடித்து அடித்துத்தான் தீயை அணைத்தோம். ரப்பர் செருப்பு சூட்டில் இளகிக் காலோடு ஒட்டிக்கொண்டு, உரித்தெடுக்கும்போது தோலும் சேர்ந்து வந்த என் நண்பர், மறுநாளும் கட்டுப்போட்டுக்கொண்டு தீ தாண்டாதபடி புல்லை வெட்டி ஒதுக்கும் தீத்தடுப்புக் கோட்டுக்கு வந்தார், வராவிட்டால் அன்றைய கூலி இல்லை என்பதால். ஜூனில் மழை விழுந்ததும் எங்களை நிறுத்திவிடுவார்கள். அடுத்த ஜனவரியில் அதே ஆட்களைக் கூப்பிடுவார்கள் என்பதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது. புது ஆளுக்குப் போன வருஷம் எரிந்த இடம் எது, எரியாமல் தப்பி இரண்டு வருஷப் புல் சேர்ந்த இடம் எது என்று தெரியாது. எங்களுக்கு ஆகும் இந்தச் செலவைத்தான் உங்கள் கட்டுரை வீண் என்கிறது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அந்த வரி தவறு என்று ஒரு சின்னத் திருத்தம் போடுங்கள். முடிந்தால் வரும் ஜனவரியில் உங்கள் நிருபர் ஒருவரைத் தீத்தடுப்புக் கோடு வெட்டும் இடத்துக்கு ஒரு நாள் அனுப்புங்கள். காலை ஏழு மணிக்குள் வந்தால்தான் அவர்களோடு நடக்க முடியும்.

இப்படிக்கு,
முன்னாள் தீத்தடுப்புக் காவலர்,
நீலகிரி மாவட்டம்.