வாசகர் வட்டச் செயலாளரின் ஆண்டறிக்கை: சரித்திர நாவல்கள் படித்த வருடம்

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார், அதில் நான் கை வைக்கவில்லை. என்ன படித்தோம், எதற்குச் சண்டை போட்டோம், அலமாரிக்கு எதை வாங்கலாம் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். கூட்டங்கள் வழக்கம்போல் மாதத்தின் இரண்டாம் ஞாயிறு மாலை நடந்தன. அடைமழையில் ஒரு கூட்டம் ரத்தானது, பொங்கல் சமயத்தில் ஆள் சேரவில்லை. மற்றபடி குறையில்லை.

இந்த வருடம் சரித்திர நாவல்கள்தான் என்று போன பொதுக்குழுவில் முடிவானதும் பாதிப் பேர் பொன்னியின் செல்வன், கடல் புறா என்று ஆரம்பித்தார்கள். அதெல்லாம் பள்ளிக்கூட நாளிலேயே படித்தாயிற்றே, பைபிள் மனிதர்களை வைத்து உலகத்தில் எத்தனையோ பேர் நாவல் எழுதியிருக்கிறார்கள், அதையும் சேர்ப்போம் என்று வேறு சிலர் கேட்டார்கள். ஜெபக்கூட்டம் ஆகிவிடப்போகிறது என்று ஒருவர் முணுமுணுத்தது குறிப்பேட்டிலேயே இருக்கிறது. அவர்தான் பிறகு ஒரு கூட்டம்கூட விடாமல் வந்தவர்.

மரியாதைக்கு முதல் கூட்டம் கல்கிக்கு. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் குந்தவையின் கணவர் என்ற அளவில் வருகிற வல்லவரையர் வந்தியத்தேவரை எடுத்துக்கொண்டு, 1950 முதல் 1954 வரை வாராவாரம் குதிரையில் ஓடவிட்டிருக்கிறார் மனிதர். ராஜராஜனை அந்த அளவுக்கு ஓடவிட முடியாது, அவனுக்குக் கல்வெட்டுச் சான்று அதிகம், கை கட்டிப்போகும் என்றார் எங்கள் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஐயா. ஆதாரத்தில் ஒரு வரி மட்டும் இருக்கிற ஆளைப் பிடித்தவன்தான் பிழைப்பான் என்பது அவர் கட்சி. வருடம் முழுக்க அதை வைத்தே ஒவ்வொரு நாவலையும் அளந்தோம்.

அந்த அளவுகோலில் முதலிடம் பேர் லாகர்குவிஸ்ட் 1950இல் எழுதிய பரபாஸுக்கு. இயேசுவுக்குப் பதிலாக விடுதலையான கைதி; அதற்குப் பிறகு அவன் என்ன ஆனான் என்று நான்கு சுவிசேஷங்களும் சொல்வதில்லை. நாவல் அங்கிருந்து கிளம்புகிறது. தனக்குப் பதிலாக ஒருவன் சாவதைச் சிலுவை மேட்டில் ஒதுங்கி நின்று பார்க்கிறான், அது ஏன் என்று கடைசிவரை அவனுக்குப் பிடிபடவில்லை. சைப்ரஸ் தாமிரச் சுரங்கத்தில் சாஹாக் என்கிற அடிமையோடு ஒரே சங்கிலியில் பிணைத்துவிடுகிறார்கள். அடிமைகளின் கழுத்தில் தொங்குகிற உலோக வில்லையின் பின்பக்கம் சாஹாக் இயேசுவின் பெயரைப் பொறித்து வைத்திருக்கிறான். பரபாஸும் தன் வில்லையில் பொறித்துக்கொள்கிறான். ரோமானிய ஆளுநர் விசாரிக்கும்போது சாஹாக் மறுக்க மாட்டேன் என்று சிலுவைக்குப் போகிறான். எனக்குக் கடவுள் இல்லை என்று சொல்லிவிடும் பரபாஸின் வில்லையில் இருக்கிற பெயரை ஆளுநர் கத்தியால் குறுக்கே கீறிவிடுகிறார். இந்தப் பக்கத்தை வாசித்தபோது கூடத்தில் டீ கொடுக்க வந்த பையன்கூட நின்றுவிட்டான். கடைசியில் பரபாஸும் சிலுவையில்தான் சாகிறான், இருட்டைப் பார்த்து உயிரை ஒப்படைக்கிறான். அவன் பேசியது கடவுளிடமா, வெறும் இருட்டிடமா என்று இரவு ஒன்பது வரை வாதம் நடந்து, வாட்ச்மேன் விளக்கை அணைத்துத்தான் எங்களைக் கிளப்பினார். க.நா.சு. இதை ‘அன்பு வழி’ என்று தமிழில் தந்திருக்கிறார். சின்னப் புத்தகம், ஒரே மூச்சில் முடிக்கலாம். ஒரு நாவல்தான் படிப்பேன் என்பவர்கள் இதைப் படியுங்கள்.

அடுத்து பென்ஹர். 1880இல் வந்தது. எழுதிய லூ வாலஸ் அமெரிக்க உள்நாட்டுப் போரில் தளபதியாக இருந்தவர், நியூ மெக்சிகோ ஆளுநராக இருந்துகொண்டே எழுதி முடித்தார். 1876இல் ரயிலில் நாத்திகப் பேச்சாளர் இங்கர்சாலோடு பேசிக்கொண்டு போனபோது தன் மதத்தைப் பற்றித் தனக்கே ஒன்றும் தெரியவில்லை என்று அவருக்கு உறைத்திருக்கிறது. பகுத்தறிவு மேடைகளில் இங்கர்சால் பெயரைக் கேட்டு வளர்ந்த எங்கள் உறுப்பினர் ஒருவருக்கு இதில் ஏகப்பட்ட சந்தோஷம். படத்தைப் பார்த்துவிட்டுப் புத்தகம் வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு தகவல்: 1959 படத்தின் தேர்ப் பந்தயத்தில் முள் சக்கரத்தோடு அடாவடி செய்வது எதிரி மெசாலா, புத்தகத்தில் அந்தியோக்கியா பந்தயத்தில் தன் தேரின் அச்சைக் கொடுத்து மெசாலாவின் சக்கரத்தை நொறுக்குவது நம் கதாநாயகனேதான். படம் அவனை நல்லவனாக்கிவிட்டது. ஆனாலும் வர்ணனை தாங்காது, தேர் வரும்வரை பக்கங்களைத் தள்ளிக்கொண்டு போகலாம், தப்பில்லை.

சியென்கியேவிச்சின் குவோ வாடிஸில் (1896) கிறிஸ்தவர்கள் எல்லோரும் அளவுக்கு மீறி நல்லவர்கள், அதனாலேயே மனதில் நிற்கவில்லை. நிற்பது ரோமப் பேரரசன் நீரோவின் அவையில் இருந்த பெட்ரோனியஸ், ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் தன் வரலாற்றில் கொஞ்சமாகச் சொல்லிவிட்டுப் போன ஆள். விருந்து நடுவே நரம்பை வெட்டிக்கொண்டு சாகும்போது நீரோவுக்குக் கடிதம் அனுப்புகிறான்: நீ செய்த கொலைகளைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், உன் கவிதையைத்தான் தாங்க முடியவில்லை என்கிற ரீதியில். கவியரங்கங்களுக்குப் போய்வருகிற உறுப்பினர்கள் இதை ரசித்த விதம் தனி.

அனிதா டயமண்டின் ‘தி ரெட் டென்ட்’ (1997) பெண் உறுப்பினர்கள் வற்புறுத்திச் சேர்த்தது. ஆதியாகமம் 34ஆம் அதிகாரத்தில் யாக்கோபின் மகள் தீனாள் பெயரால் ஒரு ஊரே வெட்டுப்படுகிறது, ஆனால் அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வருவதில்லை. நாவலில் அவளே கதை சொல்கிறாள், எகிப்துக்குப் போய் மருத்துவச்சியாகிறாள். வேதத்தில் பலாத்காரமாக இருப்பதை இங்கே காதலாக மாற்றியது சரியா என்று இரண்டு அணி பிரிந்தது, தீர்ப்பு எதுவும் ஆகவில்லை. என் கட்சி, மாற்றியிருக்க வேண்டாம். பிரசவ வீட்டுப் பகுதிகளுக்காகவே படிக்கலாம் என்பதில் எல்லோரும் ஒன்று.

இயேசுவின் வளர்ப்புத் தந்தை யோசேப்புக்கு இரண்டு கூட்டம் போனது. சுவிசேஷங்களில் அவர் பேசியதாக ஒரு சொல்கூட இல்லை. அவருக்குத்தான் நம் வீரமாமுனிவர் தேம்பாவணியில் 3615 பாடல் பாடியிருக்கிறார். நாவல் இல்லைதான், தமிழாசிரியர் ஐயா விடவில்லை. அதே யோசேப்பை போர்ச்சுகல் எழுத்தாளர் சரமாகோ தன் 1991 நாவலில் குற்றவாளி ஆக்குகிறார். ஏரோது ராஜாவின் ஆட்கள் குழந்தைகளைக் கொல்லப்போகிறார்கள் என்று காதில் விழுந்ததும் தன் பிள்ளையை மட்டும் காப்பாற்ற ஓடுகிறார், பெத்லகேமில் மற்ற வீடுகளுக்கு ஒரு குரல் கொடுக்கவில்லை, பிறகு வாழ்நாளெல்லாம் கெட்ட கனவு. 1992இல் போர்ச்சுகல் அரசுத் தரப்பு இந்த நூலை ஐரோப்பிய இலக்கியப் பரிசுப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. சரமாகோ ஊரை விட்டு ஸ்பெயினின் லான்சரோத்தே தீவுக்குக் குடிபோனார். எங்கள் கூட்டத்தில் ஒருவர் வெளிநடப்பு செய்தார். அடுத்த மாதம் முறுக்கு டப்பாவோடு திரும்பி வந்தார், பதிவுக்காகச் சொல்கிறேன்.

தாமஸ் மன்னின் நான்கு பாக யோசேப்பு கதையை (இது யாக்கோபின் மகன் யோசேப்பு) யாரும் முடிக்கவில்லை, அலமாரியில் இருக்கிறது. லாயிட் டக்ளஸின் ‘தி ரோப்’ (அங்கி என்று பொருள்) நல்ல கரு, வசனம் இழுவை.

அளவுகோலை உடைத்ததும் ஒன்று உண்டு. பிரபஞ்சன். புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் நாட்குறிப்பாகக் குவித்துவைத்த மலையிலிருந்து ‘மானுடம் வெல்லும்’, ‘வானம் வசப்படும்’ இரண்டையும் எடுத்திருக்கிறார். ஆதாரம் நிறைய இருந்தால் கை கட்டிப்போகும் என்ற வாதம் அங்கே செல்லவில்லை. ஐயா இன்னும் பதில் சொல்லவில்லை.

புதிய செயற்குழுவுக்கு என் கோரிக்கைகள்: ‘அன்பு வழி’ கூடுதல் பிரதிகள் வாங்குங்கள், இருப்பது அட்டை கழன்றுவிட்டது. ஆங்கில நாவல்களை ஒருவர் படித்துத் தமிழில் கதையாகச் சொன்ன ஏற்பாடு நன்றாக நடந்தது, தொடருங்கள். இயேசுவுக்குத் தண்டனை விதித்த பிலாத்து வருகிற புல்ககோவ் நாவல் நேரமில்லாமல் தள்ளிப்போயிற்று, வரும் வருடம் அதிலிருந்து ஆரம்பிக்கலாம். பொன்னியின் செல்வன் மூன்றாம் பாகத்தை எடுத்துப்போனவர் யாராக இருந்தாலும் கொண்டுவந்து வைத்துவிடவும், கேள்வி கேட்க மாட்டோம்.