புதிதாகப் பணியில் சேர்ந்தவர்கள் கவனத்திற்கு

அனைவருக்கும் வணக்கம். இயந்திரத்தைத் தொடும் முன் அதன் அவசர நிறுத்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்: மஞ்சள் பின்னணியில் சிவப்புக் குமிழ். அழுத்தினால் உள்ளேயே பூட்டிக்கொள்ளும். விடுவித்தாலும் இயந்திரம் தானாக ஓடாது, மீண்டும் இயக்க வேண்டும்.

வேறொருவர் பூட்டி, அட்டை மாட்டிய சுவிட்சை எந்த அவசரத்திலும் தொடாதீர்கள். பழுது பார்க்கும் அவருடைய கை இயந்திரத்துக்குள் இருக்கலாம்.

தரையில் எண்ணெய் சிந்தியிருந்தாலோ, இயந்திரத்தின் காப்பு மூடி கழன்றிருந்தாலோ மேற்பார்வையாளரிடம் உடனே சொல்லுங்கள். புதியவர் என்று தயங்கவே வேண்டாம். பழகிய கண்ணுக்குத் தப்புவது உங்களுக்குத்தான் தெரியும்.

பாதுகாப்பு ஏற்பாடுகளின் செலவு தொழிலாளர் தலையில் விழக்கூடாது என்கிறது பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1981ஆம் ஆண்டு உடன்படிக்கை, எண் 155. தலைக்கவசத்தின் பட்டை அறுந்திருந்தால் முடிச்சுப் போட்டுச் சமாளிக்காமல் புதியதைக் கேட்டு வாங்குங்கள்.