வாட்டர்கலர் வாழ்த்து அட்டைச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர், பொருளாளர், செயற்குழுவினர், உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம். ஓராண்டில் நடந்ததைச் சொல்ல வேண்டியது செயலாளரின் கடமை, சொல்லிவிடுகிறேன். கூடவே சில விஷயங்களை மனம் விட்டு எழுதியிருக்கிறேன், ஏனென்றால் கூட்டத்துக்கே வராத பலர் இந்த அறிக்கையை மட்டுமாவது படிப்பார்கள் என்று நம்புகிறேன்.

முதலில் வழக்கமான விவரங்கள். 12 மாதக் கூட்டங்களில் 11 நடந்தன, ஒன்று இடம் கிடைக்காமல் நின்றுபோனது. செயற்குழு நான்கு முறை கூடியது. பருவத்துக்கு ஒன்றாக நான்கு முறை அட்டைப் பரிமாற்றம் நடந்தது. ஆண்டு இறுதியில் கண்காட்சி வைத்தோம், வந்தவர்கள் பாராட்டிவிட்டுப் போனார்கள். வாழ்த்து அட்டையின் வரலாறு பற்றி ஓர் உறுப்பினர் பேசினார். 1843இல் ஹென்றி கோல் என்பவர் ஜான் கால்காட் ஹார்ஸ்லி என்ற ஓவியரை வரையச் சொல்லி, ஆயிரம் பிரதி அளவில் அச்சடித்த கிறிஸ்துமஸ் அட்டைதான் முதன்முதலில் விற்பனைக்கு வந்தது என்றும், அச்சடித்தது வெறும் கோடுகளைத்தான், வண்ணம் எல்லாம் கையால் போட்டது என்றும் அவர் சொன்னபோது எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம்.

சரி, இப்போது இந்த ஆண்டின் முக்கியமான வேலைக்கு வருகிறேன். வண்ணம் பூசிய தாள் காயக் காய அதன் ஈரம் எப்படி மாறுகிறது என்று பார்த்துப் பழகுவதுதான் அது, அதற்கு 'ஈரக் கணக்கு' என்று பெயர் வைத்தேன். செயற்குழுவில் இரண்டு பேர், "அட்டை செய்யத்தானே சங்கம், வெறும் தாளை நனைத்துப் பார்ப்பதற்கு ஒரு கூட்டமா?" என்று கேட்டார்கள். அன்றைக்குச் சுருக்கமாகத்தான் பதில் சொன்னேன், இங்கே முழுதாகச் சொல்கிறேன்.

போன ஆண்டு பனிக்கால அட்டைக்கு எல்லோரும் ஒரே வீடியோவைப் பார்த்துப் போட்டோம். நீல வானம், கீழே வெள்ளைத் தரை, வானத்தில் உப்பைத் தூவினால் பனித்துளி மாதிரி வெள்ளைப் பூக்கள் விரிய வேண்டும். வீடியோவில் அழகாக விரிந்தன. நம்மில் பாதிப் பேருக்கு உப்பு கரைந்து நீலம் வெளிறியதோடு சரி, மற்றவர்களுக்கு ஊசி குத்தியது போல நாலைந்து புள்ளிகள். யாருக்குமே கை வராமல் போகவில்லை, எல்லோரும் நன்றாக வரைகிறவர்கள்தான். அந்த ஆசிரியர் "இப்போது உப்பைப் போடுங்கள்" என்கிறாரே, அந்த நேரத்தில் அவருடைய தாள் எவ்வளவு ஈரமாக இருந்தது என்று நமக்குத் தெரியாது. காய்வதற்குக் காத்திருந்த நிமிடங்களை வெட்டி எடுத்துவிடுகிறார்கள். அதோடு, கேமராவை மேலே மாட்டி, கண் கூசாதபடி விளக்கைச் சரிசெய்துதான் படம் எடுக்கிறார்கள், அதனால் ஈரத் தாளின் மேல் வரும் பளபளப்பே படத்தில் விழுவதில்லை. நாம் பார்க்க வேண்டியதே அந்தப் பளபளப்பைத்தான்.

அதனால் ஒரு கூட்டத்தில் அட்டையே செய்யவில்லை. 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள கனமான) காட்டன் பேப்பர், கோல்டு பிரஸ் என்கிற லேசான சொரசொரப்பு வகை, அதில் ஆளுக்கு ஐந்து பட்டைகள் வெட்டிக் கொடுத்தேன். எல்லாவற்றிலும் ஒரே அல்ட்ராமரைன் நீலம், ஒரே அளவு தண்ணீர். தாளைக் கண்மட்டத்துக்குத் தூக்கி, ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்க்கச் சொன்னேன். முதலில் தண்ணீர் தேங்கி ஆடுகிறது. அப்புறம் ஆட்டம் நின்று கண்ணாடி போல் மின்னுகிறது. கொஞ்ச நேரத்தில் அந்த மினுக்கு ஓரத்திலிருந்து குறைந்து பட்டுத்துணி மாதிரி ஆகிறது, தாளின் சொரசொரப்பு லேசாகத் தெரிய ஆரம்பிக்கிறது. அதற்கப்புறம் மினுக்கே இல்லை, பார்த்தால் காய்ந்த மாதிரி இருக்கும், ஆனால் புறங்கையை வைத்தால் சில்லென்று இருக்கும். கடைசியில்தான் உண்மையாகக் காய்கிறது. உறுப்பினர்களே இதற்குக் குளம், கண்ணாடி, பட்டு, ஈரமண், காய்ச்சல் என்று பெயர் வைத்துவிட்டார்கள். (காய்ச்சல் என்று வைத்தவர் அதை மாற்றவே விடவில்லை.) ஒவ்வொரு நிலையிலும் ஒரு சிட்டிகை உப்பு. குளத்தில் போட்ட உப்பு கரைந்துபோனது. கண்ணாடி மங்கிப் பட்டாகிற அந்தச் சின்ன இடைவெளியில் போட்டதுதான் பூத்தது. ஒவ்வொரு கல்லும் தன்னைச் சுற்றியிருந்த ஈரத்தை இழுத்துக்கொள்ள, நிறம் விலகி, ஓரங்களில் விரல் விரலாகக் கிளை விட்டது. ஈரமண்ணில் வெறும் புள்ளி. காய்ந்ததில் ஒன்றுமே இல்லை.

இதே ஐந்து நிலையை வைத்து இந்த ஆண்டு முழுக்க எல்லாப் பருவ அட்டைகளையும் செய்தோம். மழை அட்டையில் மேகத்தைக் கண்ணாடி நிலையில் விட்டால் நிறம் தாராளமாகப் பரவும், தூரத்து மரங்களைப் பட்டு நிலையில் வைத்தால் ஓரம் மட்டும் மெத்தென்று கரையும். ஈரமண் நிலையில் யாரும் தண்ணீர் நிறைந்த பிரஷ்ஷை வைக்கக் கூடாது, வைத்தால் காலிஃபிளவர் விழும், அதாவது புதுத் தண்ணீர் பழைய நிறத்தைத் தள்ளிக்கொண்டு போய் ஓரத்தில் முரட்டுக் கோடு கட்டிவிடும். வசந்த அட்டையில் அதையே வேண்டுமென்று விட்டு மரத்தின் பூங்கொத்தாக மாற்றினார் நம் உறுப்பினர் ஒருவர். கண்காட்சியில் எல்லோரும் நின்று பார்த்த அட்டை அதுதான்.

இலையுதிர் கால அட்டை பற்றியும் சொல்ல வேண்டும். இலையின் வடிவத்தை வெறும் தண்ணீரால் வரைந்து, மஞ்சளைத் தொட்டு வைத்து, பட்டு நிலைக்கு வந்ததும் பர்ன்ட் சயன்னா என்கிற செம்பழுப்பை நுனியில் விட்டு, காம்பருகில் துளி அல்ட்ராமரைன் விட்டோம். பர்ன்ட் சயன்னாவும் அல்ட்ராமரைனும் சேர்ந்தால் நல்ல சாம்பல் நிறம் வரும், அது இலைக்கு நிழலைக் கொடுத்துவிடும். பிரஷ்ஷால் கலக்கக் கூடாது, தாள் தானாகக் கலக்க வேண்டும். கலக்கிய பத்து நிமிடத்தில் சேறாகிவிட்ட இலைகளையும் பத்திரமாக வைத்திருக்கிறேன், புதியவர்களுக்குக் காட்ட.

வீட்டிலிருந்தே வீடியோ பார்த்துச் செய்துகொள்கிறேன் என்று கூட்டத்துக்கு வராமல் இருப்பவர்களிடம் இதைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. பதிவேட்டில் 34 பெயர்கள் இருக்கின்றன. வழக்கமாக வருகிறவர்கள் 12, 13 பேர். ஈரக் கணக்குக் கூட்டத்துக்கு வந்தவர்கள் 9 பேர். ஆனால் அதற்கு அடுத்த வாரமே வாட்ஸ்அப் குழுவில், "எனக்கு மட்டும் ஏன் திட்டுத் திட்டாக வருகிறது?" என்று ஏழெட்டுப் படங்கள். காய்ந்த அட்டையின் படத்தைப் பார்த்து அது ஈரமாக இருந்தபோது என்ன நடந்தது என்று எப்படிச் சொல்வது? இரவில் உட்கார்ந்து முடிந்தவரை பதில் எழுதினேன். எழுதியதில் பாதி, ஒரு தடவை நேரில் பக்கத்தில் உட்கார்ந்து தாளைச் சாய்த்துப் பார்த்திருந்தால் தேவையே இருந்திருக்காது. வீடியோவைக் குறை சொல்லவில்லை. நானும் அதில்தான் கற்றேன், இன்றும் பார்க்கிறேன், வேகத்தை முக்கால் அளவுக்குக் குறைத்து ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். கை அசைவை அதில் கற்றுக்கொள்ளலாம், ஈரத்தைப் பக்கத்தில் இருக்கிற தாளில்தான் பார்க்க முடியும்.

இன்னொரு சோதனையும் செய்தேன். அட்டை என்றால் மூடி வைப்பார்கள் என்று நினைக்கிறோம், ஆனால் அழகாக இருந்தால் ஜன்னல் ஓரத்தில் நிறுத்தி வைப்பார்கள். நாம் பயன்படுத்தும் சிவப்புகளை ஒரு பட்டையில் மெல்லியதாகப் பூசி, பாதியைக் கறுப்புத் தாளால் மூடி, வெயில் படும் ஜன்னலில் ஒட்டி வைத்தேன். சில மாதம் கழித்து எடுத்தபோது அலிசரின் கிரிம்சன் மூடாத பக்கம் வெளிறிப்போயிருந்தது. குவினாக்ரிடோன் ரோஸ் அப்படியே இருந்தது. டியூபின் பின்னால் சின்ன எழுத்தில் இருக்கும் நிறமிக் குறியைப் பாருங்கள்: பிஆர் 83 என்றால் வெளிறும், பிவி 19 என்றால் பயமில்லை. பெயர் எவ்வளவு அழகாக இருந்தாலும் குறியைப் பார்த்துதான் வாங்க வேண்டும். பொதுப் பெட்டியிலிருந்த பிஆர் 83 டியூப்களைப் பயிற்சிக்கு மட்டும் என்று ஒதுக்கிவிட்டேன், இதில் யாருக்கும் வருத்தம் இருந்தால் அந்தப் பட்டையை வந்து பாருங்கள்.

பொதுப் பெட்டி என்றதும் சொல்லிவிடுகிறேன். வண்ணம் படக் கூடாத இடத்தை மறைக்கப் பூசும் மாஸ்கிங் திரவத்தை நல்ல பிரஷ்ஷால் தொடக் கூடாது என்று மூன்று முறை சொல்லியாயிற்று. அது ரப்பர் பால், காய்ந்தால் முடி முழுக்க இறுகிவிடும். பழைய பிரஷ்ஷை முதலில் சோப்பில் தோய்த்துக்கொண்டு, அப்புறம்தான் திரவத்தைத் தொட வேண்டும், முடித்த உடனே கழுவ வேண்டும். இந்த ஆண்டு எட்டாம் எண் ரவுண்டு பிரஷ் இரண்டு கம்பி போலத் திரும்பி வந்தன. யார் என்று கேட்கவில்லை, இனி பொதுப் பிரஷ்களை யார் எடுத்தாலும் எழுதி வைக்க வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறோம்.

கண்காட்சியில் ஒரு சங்கடமும் வந்தது. வீடியோ பார்த்து அப்படியே போட்ட அட்டையை ஓர் உறுப்பினர் விலைக்கு வைத்திருந்தார், பார்க்க வந்த ஒருவர் அந்த வீடியோவை அறிந்தவர். எவ்வளவு கூச்சமாக இருந்தது என்று எனக்குத்தான் தெரியும். பயிற்சிக்கும் நண்பர்களுக்குக் கொடுக்கவும் எதைப் பார்த்தும் போடலாம். விற்பது என்றால் நம் சொந்த அமைப்பாக இருக்க வேண்டும், இல்லையென்றால் அந்த ஆசிரியரிடம் எழுதிக் கேட்டு அனுமதி வாங்க வேண்டும். காட்சிக்கு வைத்தால் யாரைப் பார்த்துக் கற்றது என்று அட்டையின் பின்னால் எழுத வேண்டும். செயற்குழு இதை ஒருமனதாக ஏற்றது.

வரவு செலவு. சந்தா, கண்காட்சியில் கிடைத்தது இரண்டும் வரவு. தாள், வண்ணம், கவர், இடவாடகை செலவு, அதில் பெரும்பகுதி தாளுக்கே போனது. இரண்டும் ஏறக்குறைய சரியாக நிற்கிறது, சிறு கையிருப்பு உண்டு, விவரம் பொருளாளரிடம் இருக்கிறது, கேட்டால் காட்டுவார். சரியாக நிற்பதற்குக் காரணம் கடைசி மூன்று மாதம் புதுத் தாள் வாங்காமல் சமாளித்ததுதான். 34 பேரில் 19 பேர் முழுச் சந்தா கட்டியிருக்கிறார்கள். பாக்கி வைத்தவர்களில் சிலருக்கு உண்மையான சிரமம் இருக்கலாம், அவர்கள் என்னிடம் தனியாக ஒரு வார்த்தை சொன்னால் போதும், யாரும் கேட்க மாட்டார்கள். மற்றவர்களுக்கு நினைவூட்டல் மூன்று முறை போயிருக்கிறது. காட்டன் பேப்பர் விலை கூடுதல் என்று தெரியும், மரக்கூழ்த் தாளுக்கு மாறலாமே என்று ஒருவர் சொன்னார். மரக்கூழ்த் தாளில் பயிற்சி செய்யலாம், தப்பில்லை, ஆனால் காட்டன் தாள் தண்ணீரை உள்ளே நெடுநேரம் பிடித்து வைக்கிறது. ஐந்து நிலைகளையும் நிதானமாகப் பார்க்க அந்த நேரம் வேண்டும். அதனால்தான் இதில் பிடிவாதமாக இருக்கிறேன்.

இடம் கொடுத்தவர்களுக்கும், கூட்டம் முடிந்து மேசை துடைத்தவர்களுக்கும், கணக்கைப் பொறுமையாக எழுதிய பொருளாளருக்கும், எல்லாக் கூட்டத்துக்கும் வந்த தலைவருக்கும் நன்றி. முன்னேற்பாடு இல்லாமல் கேட்டபோதும் வரலாற்றுப் பேச்சு கொடுத்த உறுப்பினருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு பற்றி ஒளிவுமறைவு இல்லாமல் சொல்கிறேன். மூன்று ஆண்டாக இந்தப் பொறுப்பில் இருக்கிறேன். தாள் வெட்டுவது, மடிப்புக்குக் கோடு கீறுவது, கவர் எண்ணுவது எல்லாம் ஒருவர் வேலையாகவே போய்க்கொண்டிருக்கிறது. யாராவது செயலாளராக வர விரும்பினால் பதிவேட்டை மகிழ்ச்சியோடு கொடுத்துவிடுகிறேன், ஈரக் கணக்கு வகுப்பை மட்டும் தொடர்ந்து நடத்த அனுமதி தாருங்கள். யாரும் வரவில்லை என்றால் நானே இருக்கிறேன், ஆனால் தாள் வெட்டுவதற்கு இரண்டு பேர், பொதுப் பெட்டியைப் பார்த்துக்கொள்ள ஒருவர் கண்டிப்பாக வேண்டும்.

முதல் கூட்டத்துக்கு மழை அட்டை. ஒரு ஏ4 தாளை இரண்டாக வெட்டி, ஒவ்வொரு பாதியையும் மடித்தால் சி6 கவருக்குள் போகிற அட்டை இரண்டு கிடைக்கும். 300 ஜிஎஸ்எம் தாளை அப்படியே மடித்தால் முதுகு வெடிக்கும், கீறிவிட்டுத்தான் மடிக்க வேண்டும், அதை நான் முன்னாலேயே செய்து வைக்கிறேன். இருக்கிற தாளில் 24 அட்டை வரும், ஆளுக்கு இரண்டு. வருகிறவர்கள் மூன்று நாளுக்கு முன்பே பெயர் சொல்லிவிடுங்கள். 12 பேருக்கு மேல் வந்தால் புதுத் தாள் வாங்க வேண்டும், பாக்கிச் சந்தாவை அன்றைக்கே கொண்டுவந்துவிட்டால் வாங்கிவிடலாம். ஆளுக்கு இரண்டு தண்ணீர்க் குவளை, ஒரு பழைய துணி, மாஸ்கிங் டேப் எடுத்து வாருங்கள். ஜன்னல் பக்க மேசைகளைப் புதிதாக வருகிறவர்களுக்கு விட்டு வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்